கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் கை தானாகச் செய்யும் வேலை, சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்ப்பதுதான். பேட்டரியில் மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்ச சார்ஜும் அதில் போய்விடும். அடுத்து யாராவது ஒருவர் வந்து, "பேட்டரி போயிருக்கும், மாத்திடுங்க" என்பார். புது பேட்டரி போட்டும் கார் கிளம்பாது. கடைசியில் பார்த்தால் டெர்மினல், அதாவது பேட்டரி முனையில் கேபிள் மாட்டும் இடம், லூஸாக இருந்திருக்கும். புதிதாகக் கார் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எதையும் மாற்றுவதற்கு முன் கேளுங்கள், பாருங்கள், முடிந்தால் அளந்து பாருங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்பதை முதல் இரண்டு நொடிச் சத்தத்திலேயே கார் சொல்லிவிடும். அந்தச் சத்தத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இது பெட்ரோல், டீசல் கார்களை மனதில் வைத்து எழுதியது. ஹைபிரிட், மின்சாரக் கார்கள் பற்றிப் பின்னால் கொஞ்சம் சொல்கிறேன்.

பானெட்டைத் திறப்பதற்கு முன்

ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிடுங்கள். மேனுவல் கியர் என்றால் நியூட்ரல், ஆட்டோமேட்டிக் என்றால் பி (P, பார்க்கிங்). சாலையோரம் நின்றிருந்தால் நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, வண்டி வராத பக்கமாக நின்று வேலை பாருங்கள். மோதிரம், உலோக வாட்ச், பிரேஸ்லெட் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் பிளஸ் டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு மோதிரமோ ஸ்பேனரோ பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். உலோகம் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். ரேடியேட்டர் ஃபேன் இன்ஜின் ஓடாதபோதும் தானாகச் சுற்றத் தொடங்கலாம், கையையும் துணியையும் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி பக்கத்தில் சிகரெட், தீக்குச்சி கூடவே கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அது தீப்பற்றக்கூடியது.

சரி, இப்போது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டியவை. கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் பழைய ஓட்டுநர்களே இதில் மாட்டிக்கொள்வது உண்டு.

ஆட்டோமேட்டிக் கார், லீவர் பி அல்லது என் (N, நியூட்ரல்) நிலையில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். பி-யில் எடுக்கவில்லை என்றால் பிரேக்கை மிதித்தபடி என்-க்கு மாற்றி ஒருமுறை முயன்று பாருங்கள். அதில் எடுத்துவிட்டால் கியர் நிலையைக் காட்டும் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டன் ஸ்டார்ட் கார்களில் பிரேக்கை, மேனுவலாக இருந்தால் கிளட்சை, முழுதாக மிதிக்க வேண்டும். காலடியில் ஃப்ளோர் மேட் சுருண்டு கிடந்து பெடல் அடிவரை போகாமல் நிற்கும், அதையும் குனிந்து பாருங்கள்.

சாவி திரும்பவே மாட்டேன் என்கிறதா? ஸ்டீயரிங் லாக் ஆகியிருக்கும். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். பலத்தைக் காட்டினால் சாவி உடைந்து உள்ளே மாட்டிக்கொள்ளும்.

பட்டன் ஸ்டார்ட் காரில் சாவியைக் காணவில்லை என்று டிஸ்ப்ளே சொன்னால், ரிமோட்டுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல ரிமோட்டுகளில் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரிதான் இருக்கும். அது தீர்ந்தாலும் வழி உண்டு. ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் பெரும்பாலான கார்கள் எடுக்கும். சில கார்களில் அதற்கென்று தனி இடம், கப் ஹோல்டருக்குள்ளோ கன்சோலிலோ இருக்கும். கையேட்டில் படத்தோடு போட்டிருப்பார்கள். கதவைத் திறக்க ரிமோட்டுக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அதையும் இன்றே வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள். மழையில் நின்றுகொண்டு தேட வேண்டியதில்லை.

அப்புறம் எரிபொருள். முள்ளை மட்டும் நம்பாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் மிதவை சிக்கிக்கொண்டால் கால் டேங்க் இருப்பதாகக் காட்டியபடியே வண்டி நிற்கும். கடைசியாக எப்போது போட்டீர்கள், அதற்குப் பின் எவ்வளவு ஓடியது என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே கேள்வி: இன்ஜின் சுற்றுகிறதா?

இனிமேல் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினைச் சுற்றிவிடுவது ஸ்டார்ட்டர் மோட்டார், அதாவது செல்ஃப். அது சுற்றும் சத்தம், வண்டி தினமும் எடுக்கும்போது வரும் அந்த "ர்ர்ர்-ர்ர்ர்" சத்தம், வருகிறதா இல்லையா?

வரவில்லை, அல்லது இழுத்து இழுத்து நிற்கிறது என்றால் கோளாறு மின்சாரப் பக்கம். பேட்டரி, டெர்மினல், ஒயர், ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்), செல்ஃப் மோட்டார். இந்த நிலையில் டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பைப் பற்றியோ ஸ்பார்க் பிளக்கைப் பற்றியோ யோசிப்பதே வீண்.

வழக்கம்போல் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பேட்டரியும் செல்ஃபும் பெரும்பாலும் சரி. கோளாறு எரிபொருள், ஸ்பார்க், சென்சார், சாவி இவற்றில் ஒன்றில்.

எதுவானாலும் ஒரு கட்டுப்பாடு: தொடர்ந்து 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். நடுவில் அரை நிமிடமாவது விடுங்கள். செல்ஃப் மோட்டார் சில நொடி வேலைக்காகவே செய்யப்பட்டது. 100, 200 ஆம்பியர், டீசலில் அதற்கும் மேல் இழுக்கும். விடாமல் அடித்தால் அதன் சுருள் சூடேறிக் கருகும். அப்புறம் இருந்த ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

சுற்றவில்லை என்றால்

ஹெட்லைட்டைப் போடுங்கள். எதிரே சுவர் இருந்தால் வெளிச்சம் தெளிவாகத் தெரியும். இல்லையென்றால் டேஷ்போர்டு விளக்கைப் பார்த்தாலும் போதும். இப்போது ஸ்டார்ட் செய்தபடி வெளிச்சத்தைக் கவனியுங்கள்.

விளக்கு முதலிலேயே மங்கலாக இருக்கிறது, அல்லது எரியவே இல்லை என்றால் பேட்டரி காலி, இல்லாவிட்டால் டெர்மினல் விட்டுப்போயிருக்கிறது. நன்றாக எரிந்த விளக்கு ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் சட்டென்று மங்கினாலோ அணைந்தாலோ பேட்டரி பலவீனம் அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. விளக்கு கொஞ்சம்கூட மங்கவில்லை, செல்ஃபும் எடுக்கவில்லை என்றால் செல்ஃப் வரை மின்சாரம் போகவே இல்லை. சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் பக்கம் திரும்புங்கள்.

சத்தமும் இதையே வேறு விதமாகச் சொல்லும். "டக்டக்டக்டக்" என்று வேகமாகத் துடித்தால் பெரும்பாலும் பேட்டரி. செல்ஃபுக்கு மின்சாரம் தரும் காந்த சுவிட்ச்சான சோலினாய்டு இழுக்கிறது, இழுத்ததும் வோல்டேஜ் விழுகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அதுதான் அந்தத் துடிப்பு. ஒரே ஒரு கனமான "டொக்", அதோடு சரி என்றால் செல்ஃப் மோட்டார் மேல் சந்தேகம் வரும். ஆனால் பேட்டரியும் டெர்மினலும் சரி என்று உறுதியான பிறகே அதைக் கழற்ற வேண்டும். "விய்ய்ங்" என்று மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றி இன்ஜின் அசையவில்லை என்றால் செல்ஃபின் பல்சக்கரம் இன்ஜினோடு சுற்றும் பெரிய சக்கரமான ஃப்ளைவீலில் மாட்டவில்லை. இது வொர்க்‌ஷாப் வேலை.

டெர்மினலில் கை வையுங்கள்

கார் ஸ்டார்ட் ஆகாத கோளாறுகளில் எனக்கு மிகவும் ஆதங்கமாக இருப்பது இது. செலவே இல்லாமல் சரியாகக்கூடியது, ஆனால் இதைப் பார்க்காமல் எத்தனையோ நல்ல பேட்டரிகள் பழையதாக விலைக்குப் போகின்றன.

இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு, பேட்டரி முனையைக் கவ்வியிருக்கும் கிளாம்பை விரல்களால் பிடித்துத் திருகிப் பாருங்கள். மயிரிழைகூட அசையக் கூடாது. அசைந்தால் அதுவே உங்கள் கோளாறாக இருக்கலாம். விளக்கு, ஹாரன் எல்லாம் வேலை செய்யும், ஏனென்றால் அவற்றுக்குச் சில ஆம்பியர் போதும். ஓரமாக உரசிக்கொண்டிருக்கும் கிளாம்பே அதைத் தந்துவிடும். செல்ஃபுக்கு வேண்டிய 150 ஆம்பியர் அந்தச் சின்ன இடத்தின் வழியாகப் போகாது. "ஹாரன் அடிக்குது, அதனால பேட்டரி கனெக்‌ஷன் சரி" என்று சொல்வதில் இருக்கும் தவறு இதுதான்.

அடுத்து பூப்பு. டெர்மினலைச் சுற்றி வெள்ளையாகவோ, நீலம் கலந்த பச்சையாகவோ பொடி படிந்திருக்கும். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். கிளாம்புக்கும் முனைக்கும் நடுவில் கறுப்பாக ஒரு படலம் இருந்து மின்சாரத்தைத் தடுக்கும். கழற்றினால்தான் தெரியும். கழற்றும்போது முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மைனஸ் கழன்றிருந்தால், பிளஸ் நட்டைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பட்டால் பெரிய பொறியாகப் பறக்கும்.

வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊற்றினால் பூப்பு நுரைத்துக் கரையும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாகத் துடைத்துவிடுங்கள். பேட்டரியின் மூடிகளுக்குள் சோடா தண்ணீர் இறங்கக் கூடாது. முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் மெல்லிய உப்புத்தாளால் ஈயம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, இறுக்கி மாட்டிய பின் மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். அந்தப் பொடி ஆசிட் சம்பந்தப்பட்டது.

மைனஸ் கேபிளின் மறுமுனை பாடியிலும் இன்ஜினிலும் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். அந்த எர்த் முனை துருப்பிடித்தாலும் இதே தொல்லைதான். கேபிளோடு கையை நகர்த்திக்கொண்டே போய் அதையும் பாருங்கள்.

மீட்டர் இருந்தால் ஊகம் வேண்டாம்

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று காரில் இருக்கட்டும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். வண்டி சில மணி நேரமாவது ஓடாமல் நின்றிருக்க வேண்டும். 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 10.5 போல் காட்டி, சார்ஜ் ஏற்றியும் ஏறாவிட்டால், உள்ளே இருக்கும் ஆறு செல்களில் ஒன்று செத்திருக்கிறது. அந்த பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் ஓய்வில் இருக்கும்போது 12.6 காட்டுவதாலேயே பேட்டரி நல்லது என்று ஆகிவிடாது. மீட்டரை வைத்தபடியே இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது எண் 10-க்கு மேல் நின்றால் நல்லது. 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்குத் தெம்பில்லை. வயதான பேட்டரி இப்படித்தான் ஏமாற்றும், சும்மா இருக்கும்போது முழு சார்ஜ் காட்டும், சுமை வந்ததும் படுத்துவிடும்.

இன்னொரு சோதனை, மெக்கானிக்குகளிலேயே பலர் செய்யாமல் விடுவது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி முனையின் ஈயத்தின் மேலேயும், மறு முனையை அதே பக்கத்துக் கிளாம்பின் மேலேயும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் உலோகம்தானே, மீட்டர் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில்தான் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் மின்சாரம் அந்த இணைப்பிலேயே வீணாகிறது. பேட்டரியைக் குறை சொல்லாமல் டெர்மினலைச் சுத்தம் செய்யுங்கள்.

ஜம்ப் ஸ்டார்ட்

பேட்டரி காலி என்று தெரிந்துவிட்டால் இன்னொரு காரிலிருந்து எடுக்கலாம். அதுவும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். பேட்டரி விரிசல் விட்டிருந்தாலோ, ஒழுகினாலோ, வீங்கியிருந்தாலோ, குளிரில் உறைந்திருந்தாலோ ஜம்ப் வேண்டவே வேண்டாம், வெடிக்கலாம். இரண்டு கார்களும் ஒன்றோடொன்று தொடக் கூடாது. இரண்டிலும் எல்லா விளக்கும் ஏசியும் ஆஃப். வரிசை முக்கியம்:

1. சிவப்பு கேபிளின் ஒரு முனை, காலியான பேட்டரியின் பிளஸ்ஸில்.
2. சிவப்பின் மறுமுனை, நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்.
3. கறுப்பு கேபிளின் ஒரு முனை, நல்ல பேட்டரியின் மைனஸில்.
4. கறுப்பின் மறுமுனை, நின்றுபோன காரின் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத கனமான உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி.

கடைசி இணைப்பில் ஒரு சின்னப் பொறி வரும். அந்தப் பொறி பேட்டரியின் வாயுவுக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்பதால்தான் நான்காவது முனையைத் தள்ளி மாட்டச் சொல்கிறோம். பானெட்டுக்குள் ஜம்ப் செய்வதற்கென்றே தனி முனை வைத்திருக்கும் கார்களும் உண்டு. சிலவற்றில் பேட்டரி டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ இருக்கும். அப்படியானால் கையேடு காட்டும் இடத்தில்தான் மாட்ட வேண்டும்.

நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். அப்புறம் நின்ற காரை முயலுங்கள். எடுத்துவிட்டால் கேபிள்களை நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். கழற்றிய முனைகள் ஒன்றோடொன்று உரசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிள் மாட்டியும் மெதுவாகவே சுற்றினால் கிளிப்புகளை அழுத்திக் கடிக்க விட்டுப் பாருங்கள். மெல்லிய மலிவான கேபிள்களில் போதிய மின்சாரம் போகாது.

மேனுவல் கியர் கார் என்றால் தள்ளியும் எடுக்கலாம். இக்னிஷன் ஆன், செகண்ட் கியர், கிளட்ச் மிதித்தபடி தள்ளச் சொல்லி, ஓரளவு வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டு, எடுத்ததும் மிதித்துவிட வேண்டும். இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும் என்பதால் பேட்டரி அடியோடு காலி என்றால் இது பலிக்காது. எடுக்கும்வரை பிரேக் பெடல் கல்லாக இருக்கும், ஸ்டீயரிங் கனக்கும். இறக்கமான சாலையில் தனியாக இதைச் செய்யாதீர்கள். ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி எடுக்க முடியாது.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் எடுக்கவில்லை

ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள். மூடியின் பின்பக்கத்தில் எது எதற்கு என்று படம் இருக்கும். ஸ்டார்ட்டர் ஃபியூஸை உருவி நடுக்கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்றினால் அதே ஆம்பியர்தான். கம்பியோ அலுமினியத் தாளோ சுற்றிச் செருகினால் அடுத்து எரிவது ஒயராக இருக்கும். ஸ்டார்ட்டர் ரிலேயைச் சோதிக்க எளிய வழி, அதே பெட்டியில் அதே எண் அச்சிட்ட வேறொரு ரிலேயோடு, உதாரணமாக ஹாரன் ரிலேயோடு, இடம் மாற்றிப் பார்ப்பது.

மேனுவல் காரில் கிளட்ச் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச், பட்டன் ஸ்டார்ட் காரில் பிரேக் சுவிட்ச், இவை கெட்டாலும் மௌனம்தான். பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் அந்தச் சுவிட்ச்சையோ அதன் ஃபியூஸையோ சந்தேகப்படலாம். செல்ஃப் மோட்டாரைச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே ஸ்டார்ட் செய்தால் சில சமயம் எடுத்துவிடும், உள்ளே தேய்ந்த கார்பன் பிரஷ் நகர்ந்து தொட்டுக்கொள்வதால். வொர்க்‌ஷாப் வரை போக அது உதவும், அவ்வளவுதான்.

நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை

முதலில் டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கைப் பாருங்கள். இக்னிஷன் போட்ட பிறகும் அது வேகமாக மின்னிக்கொண்டே இருந்தால் காரின் திருட்டுத் தடுப்பு அமைப்பான இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. இன்ஜினை ஓட விடாது. சாவிக் கொத்தில் வேறு காரின் சாவி இருந்தால் கழற்றிவிட்டு முயலுங்கள். இரண்டாவது சாவி இருந்தால் அதைக் கொண்டு பாருங்கள்.

அடுத்து காதுக்கு வேலை. பெட்ரோல் காரில் ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, ரேடியோவையும் ஃபேனையும் அணைத்துவிட்டு, பின் இருக்கைப் பக்கம் காதைக் கொடுங்கள். இரண்டு நொடிக்கு "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் வர வேண்டும். அது டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப். சில கார்களில் கதவைத் திறந்ததுமே அது ஓடிவிடும், அதனால் கதவைத் திறக்கும்போதும் ஒருமுறை கேளுங்கள். எப்போதும் கேட்கும் சத்தம் இன்று இல்லை என்றால் பம்பின் ஃபியூஸ், ரிலே இரண்டையும் முன்சொன்ன மாதிரியே பாருங்கள். சில கார்களில் மோதலின்போது பம்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று இருக்கும். பெரிய பள்ளத்தில் இறங்கிய அதிர்ச்சியில்கூட அது விழுந்துவிடலாம். அழுத்திவிட்டால் சரியாகிவிடும், இருக்கும் இடம் கையேட்டில் உண்டு.

பெட்ரோல் வாடை பலமாக வந்தால் வேறு கதை. பலமுறை முயன்று சிலிண்டருக்குள் பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்திருக்கும். முதலில் காருக்கு அடியில் பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகினால் ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி வந்துவிடுங்கள். ஒழுகவில்லை என்றால் பத்து நிமிடம் விட்டு, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். இன்ஜெக்‌ஷன் கார்களில் பெரும்பாலானவை இந்த நிலையில் பெட்ரோலை நிறுத்திவிட்டு வெறும் காற்றை உள்ளே இழுக்கும், பிளக் காயும். பற்றியதும் காலை எடுத்துவிடுங்கள்.

ஸ்பார்க் பக்கம் புதியவர்கள் அதிகம் போக வேண்டாம் என்பது என் கருத்து. பிளக் ஒயரைக் கழற்றி இன்ஜினில் காட்டிப் பொறி பார்ப்பது பழைய பழக்கம். பிளக்கில் பொறி வரவழைக்கும் இன்றைய காயில்கள் பல்லாயிரம் வோல்ட் தருகின்றன. ஆளுக்கும் ஆபத்து, கம்ப்யூட்டருக்கும் கேடு. மழையிலோ தண்ணீர் ஊற்றி இன்ஜினைக் கழுவிய பிறகோ எடுக்கவில்லை என்றால் காயில், ஒயர் பகுதிகளைக் காய விட்டுப் பாருங்கள். பல நாள் நின்ற கார் என்றால் எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள்.

வண்டி ஓடிச் சூடான பிறகு நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காத மாதிரி எடுக்கிறதா? கிராங்க் சென்சாரை முதலில் சந்தேகப்படுங்கள். இன்ஜின் சுற்றுவதை கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அது சொல்லாவிட்டால் பெட்ரோலும் வராது, ஸ்பார்க்கும் வராது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமும் அசையாமல் இருப்பது ஒரு குறிப்பு, எல்லாக் கார்களிலும் இல்லாவிட்டாலும். இங்கே ஓபிடி ஸ்கேனர், அதாவது காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறைப் படிக்கும் கருவி, கைகொடுக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும், அமெரிக்காவில் விற்கும் கார்களில் 1996 முதல் அது கட்டாயம். அதில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறைக் குறிக்கும் எண், அதாவது கோடு (code), வரும். பி0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட். கோடு வந்த உடனே சென்சாரை மாற்றிவிடாதீர்கள். அது சர்க்யூட்டைத்தான் சொல்கிறது. பிளக் கழன்றிருந்தாலும், ஒயர் அறுந்திருந்தாலும் அதே கோடுதான் வரும்.

டீசல் என்றால்

ஸ்பிரிங் மாதிரி சுருண்ட மஞ்சள் விளக்கு அணையும் வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். அது சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் விளக்கு. குளிர்காலத்தில் மட்டும் தகராறு செய்தால் ஹீட்டர் பிளக் அல்லது அதன் ரிலே. டீசல் அடியோடு தீர்ந்து நின்றிருந்தால், டீசல் ஊற்றினாலும் எடுக்காது, லைனில் ஏர் பிடித்திருக்கும். ஃபில்டருக்கு மேலோ குழாயிலோ கைப்பம்ப் இருந்தால் கெட்டியாகும் வரை அழுத்திவிட்டு முயலுங்கள். இன்றைய டீசல் இன்ஜின்களில் உயர் அழுத்தக் குழாய்களை மட்டும் தொடாதீர்கள். ஆயிரம் பாருக்கு (bar, அழுத்தத்தின் அலகு) மேல் அழுத்தம் இருக்கும், தோலைத் துளைத்துக்கொண்டு போகும்.

செல்ஃப் அடிக்கவே கூடாத நேரங்கள்

வெள்ளத்தில் கார் நின்றிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்ற காரை இழுத்துக்கொண்டுபோய், ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்து, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சுற்ற வேண்டும். ஒரே ஒரு முறை "சும்மா பார்க்கலாம்" என்று செல்ஃப் அடித்ததில் போன இன்ஜின்கள் நிறைய.

இன்ஜின் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் "விர்ர்ர்" என்று சுற்றினால் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். நிறுத்திவிடுங்கள். பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டாலும் அப்படியே, இக்னிஷனைக்கூட ஆன் செய்யாமல் டேங்க்கைக் காலி செய்யுங்கள்.

எடுத்துவிட்டது, அப்புறம்?

ஜம்ப் போட்டு எடுத்த காரை உடனே அணைக்காதீர்கள். மீட்டரை மறுபடி பேட்டரியில் வையுங்கள். இன்ஜின் ஓடும்போது 13.7 முதல் 14.7 வோல்ட் வரை காட்டினால், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. சில புதிய கார்களில் கம்ப்யூட்டர் இதைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும். 12.5-லிருந்து இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் இல்லை, வண்டி விரைவில் நிற்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வழியை மறந்துவிடுங்கள். வோல்டேஜ் தாவி கம்ப்யூட்டரையே கெடுத்துவிடும்.

ஆல்டர்னேட்டர் சரி என்றால் பேட்டரிக்கு வயதாகியிருக்கலாம், மூன்றிலிருந்து ஐந்து வருடம் என்பது பொதுவான ஆயுள். இல்லையென்றால் வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது. டிக்கி விளக்கு, டேஷ்கேம், பிறகு பொருத்திய மியூசிக் சிஸ்டம் இவைதான் வழக்கமான ஆசாமிகள். காரைப் பூட்டி, எல்லா கம்ப்யூட்டர்களும் தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் தேடத்தான் வேண்டும். சிறிது தூரம் ஓட்டினால் காலி பேட்டரி நிரம்பிவிடும் என்பதும் தவறு. நல்ல சார்ஜரில் இரவு முழுக்கப் போடுவதே மேல்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களிலும் பெரிய பேட்டரியை உயிர்ப்பிக்க ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பெரியது முழுதாக இருந்தும் கார் உயிர் பெறாவிட்டால் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்தக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள், அது உயிரைப் பறிக்கும் வோல்டேஜ்.

இவ்வளவு பார்த்தும் எடுக்கவில்லை என்றால் மெக்கானிக்கை அழையுங்கள். "ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "செல்ஃப் நல்லா சுத்துது, பத்தல. பம்ப் சத்தம் வரல. பேட்டரி 12.5 காட்டுது. நேத்து சூடா இருந்தப்ப ஒருமுறை நின்னுச்சு" என்று சொன்னால், அவர் கையில் சரியான ரிலேயும் சென்சாரும் எடுத்துக்கொண்டு வருவார். இழுத்துப்போக வேண்டியிருந்தால் கார் ஆட்டோமேட்டிக்கா, நான்கு சக்கர இயக்கமா என்பதை இழுவை வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவற்றைச் சக்கரம் தரையில் உருளும்படி இழுத்தால் கியர்பாக்ஸ் போய்விடும். வண்டியின் மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.